நான்கு விநாடிச் சிரிப்பு

மண்புழுவைப் பற்றிப் பேராசிரியர் மாசிலாமணி ஒன்றரை மணி நேரம் பேசியதை மூன்று கேமராக்கள் படம் பிடித்திருந்தன. மறுநாள் காலை எடிட்டிங் கம்ப்யூட்டரின் முன்னால் மூன்றும் கூடின.

"எங்கிட்ட முழுக்க அவர் முகம்தான். என்னை அப்படியே போட்டாப் போதும்" என்றது பெரிய கேமரா.

"கரும்பலகை இல்லாம யாருக்கு என்ன புரியும்?" என்றது பக்கவாட்டுக் கேமரா.

சின்னக் கேமரா ஓர் ஓரமாக ஒதுங்கி நின்றது. அதைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். கொட்டாவியும் தலைசொறிதலும்தான் அதனிடம் இருந்தன. எல்லாவற்றையும் அழித்துவிடுவார்களோ என்று அதற்கு ஒரே பயம்.

நாற்பதாவது நிமிடத்தில் கம்ப்யூட்டர் படத்தை நிறுத்தியது. பேராசிரியர் அங்கே பேச்சை மறந்து வாயைப் பிளந்தபடி நின்றிருந்தார்.

"இதை வெட்டிட்டு முன்னையும் பின்னையும் ஒட்டினா, படத்துல அவர் தலை சட்டுன்னு இடம் மாறிக் குதிக்கும். பக்கவாட்டிலும் அதே வாய்தான் தெரியுது. சின்னவரே, உங்ககிட்ட ஏதாவது இருக்கா?" என்றது கம்ப்யூட்டர்.

"மூணாவது வரிசையில ஒரு அம்மா சிரிக்கிறாங்க. அவ்வளவுதாங்க" என்றது அது தயங்கித் தயங்கி.

திணறலை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் நான்கு விநாடி அந்தச் சிரிப்பை வைத்தது கம்ப்யூட்டர். ஒட்டுப்போட்டது தெரியவேயில்லை.

படம் பார்க்க வந்த பேராசிரியர், "அந்த அம்மா சிரிச்ச இடத்தை இன்னொரு தடவை போடுங்க" என்று மூன்று முறை கேட்டார். சின்னக் கேமராவுக்கு லென்ஸே ஈரமாகிவிட்டது. மற்ற இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

அடுத்த வாரம் அவர் மேடையேறி, "வணக்கம்" என்று நிமிர்ந்தார். மூன்று கேமராக்களும் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றன.