லாட்டரி வரதன்

“அம்மா துணியெல்லாம் எடுத்தாந்தியா நைனா? இல்ல, அதையும் வித்து சீட்டு வாங்கிட்டியா?”

செங்கல்பட்டில் நரம்பு டாக்டர் ராஜாராமின் கிளினிக் வாசலில் காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படியாகத்தான் ஜெனிஃபர் கேட்டாள்.

வரதன் காலடியில் இருந்த பையை மகள் பக்கம் நகர்த்தினார். “எல்லாம் கீது. நைட்டி, சால்வை, பைபிள். உங்கம்மாவத்தான் மடிச்சு உள்ள வைக்க முடியல.”

பக்கத்தில் இருந்த ரெபேக்காளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

டாக்டரைப் பார்த்த கையோடு அம்மாவைத் தன் வீட்டுக்கே அழைத்துப் போய்விடுவது, அப்பா புதுப்பட்டினத்தில் தனியாகக் கிடக்கட்டும் என்று ஜெனிஃபர் முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தாள். வேறு வழி தெரியவில்லை. நடுக்குவாதம் வந்த அம்மாவின் வளையல்கள்கூட சேட்டுக் கடைக்குப் போய்விட்டன. பிரிட்ஜ் இருந்த இடத்தில் இப்போது கோலம் போடலாம். போன மாதம் கட்டிலுக்கு அடியில் சுரண்டிப் போட்டிருந்த லாட்டரிச் சீட்டுகளை அள்ளிக்கொண்டு வந்து, யார் வேலை இது என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் “நான்தான்” என்றார் வரதன்.

கேட்டிருக்கவே வேண்டாம். லாட்டரிக்குத் தடை வராத காலம் அது. பன்னீர்செல்வம் தன் லாட்டரிக் கடையைத் திறக்கும்போதே அவர் வாசலில் நிற்பதைத் தெருவே பார்த்துக்கொண்டுதான் இருந்தது. காலமெல்லாம் ஸ்டாஃப் பஸ் ஓட்டி, ஒரு பீடிகூடப் பிடிக்காத மனிதருக்கு, வயதான காலத்தில் ‘லாட்டரி வரதன்’ என்று பட்டப்பெயர்.

“சர்ச்சுல காணிக்கைப் பை புடிக்கிற வேலையில இருந்து உன்ன நிறுத்திட்டாங்களே, அதுகூடவா உனக்கு உறைக்கல?”

“பை புடிச்சுப் புடிச்சு கை நோவுதுன்னு நானே சொல்லிக்கினு இருந்தேன்.”

“பெண்கள் சங்கத்துல அத்தினி பேரும் முட்டி போட்டு உனக்காக ஜெபம் பண்ணாங்க. அம்மா அழுதுகினே நின்னுதாம்.”

“அதான பாத்தேன்! அவங்க முட்டி வலியெல்லாம் எனக்கு வந்துட்ச்சு.”

“போதும் ஜெனி,” என்றாள் ரெபேக்காள், கையின் நடுக்கத்தைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்தபடி. “அவர ஒண்ணும் சொல்லாதடி.”

“நீ இப்டித் தாங்கித் தாங்கித்தாம்மா அவரு கெட்டாரு.”

வரதன் மகள் பக்கமாகச் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். “ஜெனி, அவள இட்டுனு போவாதம்மா. எங்கூடவே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்.”

“இன்னாத்தப் பாப்ப? காதுல கீற தோட்ட எப்ப கழட்டலாம்னா?”

வரதன் குனிந்து பையின் வாயை இழுத்து மூடினார்.

நர்ஸ் அழைத்தாள். மூன்று பேரும் உள்ளே போனார்கள்.

டாக்டர் ரெபேக்காளை நடக்கச் சொல்லிப் பார்த்தார். விரல்களைச் சேர்த்துத் தட்டச் சொன்னார். “பரவாயில்லையே! போன வருஷம் மாத்திரைய மாத்தினது நல்லா வேலை செய்யுது.”

“இனிமே அம்மா எங்க வீட்லதான் இருப்பாங்க சார்,” என்றாள் ஜெனிஃபர். “மாத்திரை எப்ப குடுக்கணும்னு எங்கிட்ட சொல்லிடுங்க.”

வரதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெபேக்காள் அவருடைய சட்டை ஓரத்தைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். அதை ஜெனிஃபர் பார்த்தாள். செய்வது சரிதானா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே சொன்னார்: “ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். இந்த மாத்திரை சாப்பிடற சில பேருக்குச் சூதாட்ட வெறி வருதுன்னு வெளிநாட்டு டாக்டருங்க இப்ப எழுத ஆரம்பிச்சிருக்காங்க. அவங்களா நெனச்சாலும் அடக்க முடியாதாம். மாத்திரையக் குறைச்சு வேற மாத்தினா பெரும்பாலும் போயிடுமாம். அம்மாகிட்ட அப்படி எதாவது...?”

ஜெனிஃபர் கசப்பாகச் சிரித்தாள். “ஆள் மாறிப் போச்சு சார். மாத்திரை சாப்பிடறது அம்மா. லாட்டரிப் பைத்தியம் எங்க நைனாவுக்கு.”

டாக்டரும் சிரித்துவிட்டு, பழைய மாத்திரையையே எழுதப் போனார்.

வரதன் சட்டென்று எட்டி அவருடைய பேனா பிடித்த கையைப் பற்றினார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

“அப்டின்னா... இவ மேல தப்பே இல்லியா டாக்டர்?”