472 என்று அச்சிட்ட கெப்பாசிட்டர்

எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரப் பெண் வீட்டுக்கு வந்தது சனிக்கிழமையா, ஞாயிற்றுக்கிழமையா என்று இப்போது அச்சகக்காரருக்குச் சரியாக நினைவில்லை. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவள் பையிலிருந்து கெப்பாசிட்டரை அளக்கும் மீட்டரை எடுத்தாள் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அதுகூடப் பிறகு நினைத்து நினைத்து அவரே சேர்த்துக்கொண்டதாக இருக்கலாம்.

"நீங்களே அளந்து பாருங்கண்ணே. தப்புன்னா நான் கடையைச் சாத்திட்டுப் போயிடறேன்."

மூன்று நாள் முன்பு அவள் கடையில்தான் அவர் கத்திவிட்டு வந்திருந்தார்.

ஒரு சிப்பை வைத்து, தன் கையாலேயே ஆம்ப்ளிஃபையர் கட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் பொருந்தி வந்தது. பாட்டு மட்டும் போர்வைக்குள்ளிருந்து கேட்டது. சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் வயலினின் மேல்தந்தியைக் காணோம். பாடகியின் 'ஸ'வைக் காணோம்.

ஒலி உள்ளே வரும் பாதையில் ரெசிஸ்டருக்குக் குறுக்கே ஒரு சின்னக் கெப்பாசிட்டரை வைத்தால், கூர்மையான ஓசைகள் சுலபமாகத் தாண்டிப் போகும். அதன் மேல் அச்சிட்ட எண்தான் அளவைச் சொல்லும்; அளவு ஏற ஏறக் கூர்மையும் ஏறும். கடைக்காரப் பெண் பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தாள்.

"102ன்னு போட்டது போதும்ணே. அதுக்கு மேல போனா காது கிழிஞ்சிடும்."

"காதுதாம்மா கணக்கு," என்று சிரித்தார் அவர்.

102 போதவில்லை. 222 வாங்கிப் போட்டார். அதுவும் போதவில்லை. 472 வைத்தும் போர்வை விலகவில்லை.

அப்போதுதான் பூதக்கண்ணாடியை எடுத்தார். எண்களின் விளிம்பு லேசாகக் கசிந்திருந்தது. அடியில் வேறொரு எண் இருப்பதுபோல் பட்டது. பட்டது, கொஞ்ச நேரத்தில் உறுதியாகிவிட்டது.

கடையில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவர் அதைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

"முப்பது வருஷமா மையோட மையா கெடக்கிறவன்மா நான். எது முதல் அச்சு, எது மேல அடிச்ச அச்சுன்னு தெரியாதா? டூப்ளிகேட்டை வித்துட்டு எனக்கே காது குத்துறியா?"

மூவரில் ஒருவர் கையில் எடுத்த பொருளைத் திரும்ப மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

இப்போது அவள் அவருடைய கூடத்தில், அவருடைய நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

கெப்பாசிட்டரைக் கழற்றி மீட்டரில் வைத்தார்கள். எண்கள் கொஞ்சம் தடுமாறி நின்றன. அச்சிட்ட அளவேதான். மயிரிழைகூடப் பிசகில்லை.

"அளவு சரியா இருக்கலாம். ஒலி வரலியேம்மா. நீயே கேளு," என்று சொல்லி, அதை மறுபடி பற்றவைத்தார்.

சுவிட்சில் கை வைத்தவர், ஏனோ திரும்பிப் பார்த்தார்.

அவர் மனைவி சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். கையில் மூடி இல்லாத ஒரு சின்ன டப்பா. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதுபோல் அதைக் கடைக்காரப் பெண்ணிடம் நீட்டினாள்.

டப்பா நிறையப் பஞ்சு. காதுக்குத் தக்கபடி ஒவ்வொன்றாக உருட்டி வைத்த பஞ்சு.

மனைவி ஏற்கெனவே வைத்துக்கொண்டிருந்தாள். முடியைக் காதின்மேல் இழுத்து விட்டிருந்தாள். இரண்டு வாரமாகவே அவள் அப்படித்தான் தலை வாருகிறாள்.

மகள் புத்தகங்களை மாடிப்படிக்குத் தூக்கிக்கொண்டு போனதும் இரண்டு வாரமாகத்தான். "அங்க காத்து நல்லா வருதுப்பா." அந்தப் படியில் சன்னலே கிடையாது.

"எப்படி இருக்கு?" என்று அவர் தினமும் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு," என்று இருவரும் தினமும் சொன்னார்கள்.

விரல், தொடங்கிய வேலையை முடித்துவிட்டது. சுவிட்ச் விழுந்தது.

போர்வைக்குள் வயலின் பாடியது.

கடைக்காரப் பெண்ணின் தோள்கள் துள்ளி மேலேறின. கண்கள் இறுகின. பஞ்சு அவள் உள்ளங்கையில்தான் இருந்தது. வைத்துக்கொண்டால் அவர் பார்த்துவிடுவார் என்று நினைத்தாளோ என்னவோ, பாட்டு முடியும்வரை அப்படியே இருந்தாள்.

அவர் அணைத்தார்.

அவருக்குப் புரிந்துவிட்டது என்று மனைவிக்குப் புரிந்தது. அவளுக்குப் புரிந்தது கடைக்காரப் பெண்ணுக்கும் புரிந்தது. கூடத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கடைசியில் கடைக்காரப் பெண்தான் பேசினாள்.

"மீட்டர்ல சரியாத்தாண்ணே காட்டும். இந்தத் தடவை வந்த சரக்கே அப்படித்தான். நான் மாத்திக் குடுத்துடறேன்."

தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ள வந்தவள், அந்தப் பேரையே அவர் மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

இல்லைம்மா என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது.

"சரிம்மா," என்றார்.

பிறகு அவர் போய்ப் பார்த்த காது டாக்டர் முதலில் கேட்டது, என்ன தொழில் என்பதைத்தான். அச்சு மெஷின் பக்கத்தில் முப்பது வருஷம் நின்றால் கூர்மையான ஓசைகள்தான் முதலில் போகும் என்றார். இப்போது அச்சகக்காரரின் இரண்டு காதிலும் கருவி இருக்கிறது. அதை மாட்டிய அன்று ஆம்ப்ளிஃபையரைப் பத்து நொடி கேட்டார். அணைத்துவிட்டு, பில்லின் பின்பக்கத்தைத் தேடி எடுத்து, 102ஐத் திரும்ப வைத்தார். மகள் கூடத்தில் படித்துத் தேறி, வேலைக்குப் போகிறாள். மனைவி அந்த டப்பாவில் சட்டைப் பொத்தான்களைப் போட்டு வைத்திருக்கிறாள். கடைக்காரப் பெண் அதே கடையில்தான் இருக்கிறாள். அவர் அந்தத் தெருவுக்கே போவதில்லை.

அன்று கடையில் நின்ற மூன்று பேரும் இதே ஊரில் எங்கோ இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் எதையும் சொல்லவில்லை.