லேபிள் ஒட்டிய சாமான்

காலை ஒன்பது பத்துக்கு, சினிமா சாமான் கிடங்கில் ரேக்கின் மேல்தட்டிலிருந்து பெரிய லைட்டை இறக்கச் சொன்னார்கள். லைட்மேன் இருதயராஜ் ஏணியையே பார்த்துக்கொண்டு நின்றான். போன வாரம் அவன் தம்பி ஆரோக்கியம் அதே லைட்டோடுதான் அங்கிருந்து கால் தவறினான். ரேக்கின் இரும்புக் கைகள் சட்டென்று நீண்டு லைட்டை ஏந்திக்கொண்டன. ஆரோக்கியம் தரையில் விழுந்து செத்தான். லேபிள் ஒட்டிய சாமானைத்தான் அந்தக் கைகள் பிடிக்கும்.

இருதயராஜ் கீழ்த்தட்டு லென்ஸ் பெட்டியிலிருந்து லேபிளை உரித்துத் தன் சட்டையில் ஒட்டிக்கொண்டு ஏறினான். மேனேஜர் பார்த்துவிட்டார்.

“யோவ், நீ என்ன லென்ஸா? எடுத்த இடத்துலயே ஒட்டுய்யா. அது விழுந்தா யாரு பிடிக்கிறது?”

நான்காவது படியில் நின்று இருதயராஜ் திரும்பினான்.

“லென்ஸை நான் பிடிக்கிறேன் சார். என்னை நீங்க பிடிப்பீங்களா?”