சுற்றிக்கொண்டே இருந்த பக்கம்

"ஒரு பக்கம் திறக்க அரை மணி நேரம். ஒரு வருஷமா இதைச் சரிபண்ண முடியலையா உங்களால?"

மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் மேனேஜர் அந்தப் பெண் இன்ஜினியரைக் கேட்டார். அவள் வாய் திறக்கவில்லை. அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். ஆபீஸில் அவளுக்கு 'ஆமை' என்றே பட்டப்பெயர். யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை.

அவள் இடத்துக்கு வந்த புது இன்ஜினியருக்கும் அதே தலைவலி. மருத்துவமனை லேபிலிருந்து நோயாளிகளின் ரிப்போர்ட்டுகள் எக்ஸ்எம்எல் என்ற வகைக் கணினிக் கோப்புகளாக வரும். அவற்றை நோயாளிகள் போனில் படிக்கிற பக்கமாக மாற்றித் தருவதுதான் அவர்களுடைய புரோகிராம். பெரும்பாலானவை நொடியில் திறந்தன. சில மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தன.

கோப்பு பெரிதோ என்று பார்த்தான். இல்லை. சர்வரில் கோளாறோ? அதுவும் இல்லை. கோப்பைப் பக்கமாக மாற்றுகிற புரோகிராம் விதிகள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே போனதில், எங்கே நிற்கிறது என்று தேடிக் கண் பூத்துப்போனது. கடைசியில் அகப்பட்டது: எதுவும் செய்யாமல் சும்மா காத்திருக்கச் சொல்லும் ஒரு விதி. எதற்கென்று ஒரு வரி விளக்கம்கூட இல்லை.

தூக்கிவிட்டான். எல்லாப் பக்கமும் பறந்தது. மேனேஜர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

அந்த வாரமே மருத்துவமனையிலிருந்து நர்ஸ் போன் செய்தாள். டாக்டர் பேசுவதற்கு முன்பே ஓர் இளம்பெண் தன் ரிப்போர்ட்டைப் பேருந்தில் தனியாக உட்கார்ந்து படித்திருக்கிறாள். புற்றுநோய். இறங்கும்போது மயங்கி விழுந்து தலையில் அடி. இன்னும் நினைவு திரும்பவில்லை.

"ரிப்போர்ட் வந்ததுமே டாக்டர் பேஷண்டுக்குப் போன் பண்ணிடுவார். முன்னாடியெல்லாம் அவர் பேசி முடிச்ச பிறகுதான் பக்கம் திறக்கும். இப்ப என்ன மாத்தினீங்க?"

சுற்றிக்கொண்டிருந்த அந்த ரிப்போர்ட்டுகளை அவன் முதல்முறையாக வாசித்துப் பார்த்தான். ஒன்றில்கூட நல்ல செய்தி இல்லை.

வராந்தாவுக்குப் போய், வேலையிழந்த அந்தப் பழைய இன்ஜினியருக்குப் போன் செய்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு, அந்தப் பெண் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று அவள் விசாரித்தாள். பிறகு சொன்னாள். கெட்ட செய்தியை டாக்டர்தான் முதலில் சொல்ல வேண்டும், கொஞ்சம் அவகாசம் வைப்போம் என்று மேனேஜரிடம் கேட்டிருக்கிறாள். வேகத்தைச் சொல்லித்தானே மருத்துவமனையிடம் இந்த கான்ட்ராக்டையே பிடித்தோம் என்று அவர் மறுத்துவிட்டாராம்.

"மீட்டிங்கிலயாவது காரணத்தைச் சொல்லியிருக்கலாமே, மேடம்? வேலை போயிருக்காதே."

"சொன்னா அன்னைக்கே அந்த விதியை எடுத்திருப்பாங்க, தம்பி. சொல்லாம இருந்தா, யாராவது கண்டுபிடிக்கிற வரைக்குமாவது இருக்குமேன்னு பார்த்தேன்."