டிரெய்லருக்குப் பூசை

முதல் எலுமிச்சம்பழம் நசுங்கியதும் கூட்டம் கைதட்டியது.

ஜெயமாலா தட்டவில்லை. அவளுடைய இரண்டு கையிலும் கற்பூரத் தட்டு இருந்தது.

கிள்ளானில், மேரு பக்கத்துக் கோயில் அது. வாசலிலிருந்து சரிவு நேரே பெரிய சாலைக்கு இறங்கும். அங்கே போர்ட் கிள்ளான் போகும் கண்டெய்னர் லோரிகளுக்கு ஓய்வே கிடையாது.

பூசை, வாசலில் சாலையைப் பார்த்து நின்ற அவளுடைய புது டிரெய்லருக்கு. உள்ளே அடுப்பு, தோசைக்கல், நிரப்பிய கேஸ் சிலிண்டர்கள். நாளை முதல் பிரிக்பீல்ட்ஸில் தோசைக் கடை. ஆபீஸ் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, இனி இதுதான் நமக்குச் சோறு என்று இறங்கியிருந்தாள்.

ஓடும்போது கழன்றுவிடுமோ என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே பயம். கொக்கி பூட்டியிருக்கிறதா, பாதுகாப்புச் சங்கிலிகள் குறுக்காக மாட்டியிருக்கின்றனவா, பின்விளக்கு எரிகிறதா என்று காலையிலிருந்து குனிந்து குனிந்து பார்த்துக் கணவன் ரஞ்சனின் உயிரை வாங்கிவிட்டாள். பட்டுச் சேலையெல்லாம் கிரீஸ்.

கோயில் வந்து சேர்ந்த பிறகுதான் மூச்சு வந்தது. இனிச் சாமி பார்த்துக்கொள்ளும் என்று பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கற்பூரத்தை ஏற்றினாள்.

டிரெய்லர் மெல்ல நகர்ந்தது. அடுத்த பழமும் பிதுங்கியது.

நாத்தனார் உஷாராணிக்குப் பெருமை தாங்கவில்லை. சக்கரத்துக்குச் சக்கரம் பழம் வைத்தவள் அவள்தான்.

"கட்டை இருந்தா பழத்த எங்க அண்ணி வைக்கிறது? அதான் எடுத்துட்டேன் லா."

சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டைகள் கோயில் சுவரோரம் அழகாக அடுக்கியிருந்தன.

ஜெயமாலா திரும்பிப் பார்த்தாள். வண்டி ஓட்டவேண்டிய ரஞ்சன், தேங்காயும் கையுமாக அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். முன்பக்கம் மாலை போட இடைஞ்சல் என்று ஐயர் சொன்னதால், டிரெய்லரை இழுத்து வந்த ஹைலக்ஸை அவன் அப்போதே கழற்றி மரத்தடியில் விட்டுவிட்டான்.

"ஐயோ, பிடிங்க!"

கோயில் மணியிலும் கைதட்டலிலும் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. தட்டை வீசிவிட்டு ஓடலாம். எரிகிற கற்பூரத்தைக் கீழே போட அவளுக்குக் கை வரவில்லை. அப்படியே நின்றாள். அழுகைதான் வந்தது.

ரஞ்சன் தேங்காயைப் போட்டுவிட்டுப் பாய்ந்து பின்கம்பியைப் பிடித்தான். டிரெய்லர் அவனையும் இழுத்துக்கொண்டு இறங்கியது. செருப்பு ஒரு பக்கம் போனது. வாயைத் திறந்து என்னவோ கத்தினான்.

கூட்டத்தில் இருந்தவர்கள் நல்ல மனசுக்காரர்கள். ஒற்றை ஆளாய்த் தள்ளுகிறானே, பாவம் என்று நாலைந்து பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஓடிவந்து, அவனோடு சேர்ந்து தள்ளினார்கள்.