அப்பாவின் மடி

மலக்குடலில் புற்று வந்து அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து ரங்கராஜனின் வயிற்றில் மலம் சேரும் பை ஒட்டியிருந்தது. இன்று கல்யாணம்; மகள் மைதிலி அவர் மடியில் உட்கார்ந்துதான் தாலி கட்டிக்கொள்ளவேண்டும்.

"அந்தப் பையோடயா? சித்தப்பா மடியில உக்காரட்டும். நாத்தத்துல என் பிள்ளை எப்படி நிப்பான்?" என்றாள் சம்பந்தி மாமி, ஊரே கேட்க.

மைதிலி நேராகப் போய் அப்பாவின் மடியில் அமர்ந்தாள். கெட்டிமேளம் முழங்கியது. நாத்தனார் மூன்றாம் முடிச்சைப் போடும்போது பையின் ஒட்டு விட்டுப்போனது. தன் வேட்டியிலும் அவள் கூறைப்புடவையிலும் சூடு பரவுவதை ரங்கராஜன் உணர்ந்தார்.

"பெருமாளே..."

"அசையாதேப்பா," என்றாள் மைதிலி மெதுவாக.

"ஆச்சு, எழுந்துக்கோம்மா," என்றார் வாத்தியார்.

அவள் இன்னும் அழுந்த உட்கார்ந்தாள். சம்பந்தி மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு, அவளை எழுப்ப மேடையேறினாள்.