காக்கை மறக்காத முகம்

அன்றும் வாசலைத் தாண்டியதுமே காக்கைகள் அவள் தலையைக் கொத்தின. அழுதுகொண்டே வீட்டுக்குள் ஓடிவந்தாள்.

“கல்யாணத்துக்கு அப்புறம் கிடைச்ச முதல் வேலைங்க. இன்னைக்கும் போகலைன்னா துரத்திடுவாங்க. நான் இதுங்களுக்கு என்ன பாவம் பண்ணேன்?”

காக்கைகளை ஆராயும் கணவன் ஆர்வமாக விளக்கினான். “தன்னைப் பிடிச்சவங்க முகத்தைக் காக்கா மறக்கவே மறக்காது. மத்த காக்காவுக்கும் காட்டிக் கொடுத்துடும்.”

“நம்ம தெருவுல வலை வீசிப் பிடிச்சது நீங்கதானே? உங்களை மட்டும் ஏன் விட்டுடுது?”

“நான் முகமூடி போட்டுக்கிட்டுல்ல பிடிச்சேன்!”

அவள் அவனுடைய வலைப்பையைக் கவிழ்த்தாள். முகமூடி விழுந்தது. அவளுடைய போட்டோவைப் பெரிதாக்கி அட்டையில் ஒட்டியிருந்தான்.

“ஊர்ல வேற முகமே கிடைக்கலையா?”

அதையும் பொறுமையாகவே விளக்கினான். “அப்ப நீ வேலைக்குப் போகலையே. வெளியவே வராத முகம்னா யாருக்கும் தொந்தரவு இருக்காதுன்னு நினைச்சேன்.”